பன்னிரண்டு வாளிப் பூக்கள்

எக்ஸ்ட்ராவுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்தே வயிற்றெரிச்சல். அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடைக்காது. எரிச்சலுக்குக் காரணமே ஒரு மருந்துக் கடைக்காரர்தான்.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த அன்றே உதவியாளனாகச் சேர்ந்தவன் அவன். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் நாலு வார்த்தை பேசுவதால் எக்ஸ்ட்ரா என்று பெயர். இந்த எட்டு வருடத்தில் அவன் அடித்த ஜோக்குகளில் நான்கே நான்குக்குத்தான் மேடம் சிரித்திருக்கிறார். நேற்று மாலை மேடம் ஒரு கேஸ் விஷயமாகச் சந்தேகம் கேட்க, அந்த மருந்துக் கடைக்காரர் போனில் பத்து நிமிடம் பேசினார். மேடம் மூன்று தடவை சிரித்தார். எக்ஸ்ட்ரா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த மனிதர் இன்று காலை அலுவலகத்துக்கே போன் செய்தார். "மேடம் இருக்காங்களா? அந்தப் பூக்கடை அம்மா விஷயமா அவசரமா ஒண்ணு கேக்கணும்."

"மேடம் பிஸி. அப்புறம் கூப்பிடுங்க," என்று எக்ஸ்ட்ரா போனை வைத்தான்.

பிஸியாக இருந்த மேடம் அடுத்த அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "யாருப்பா போன்ல?"

"ராங் நம்பர், மேடம்."

சொன்னபோது இனிப்பாகத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்குப் பூக்கடை வாசலில் காரை நிறுத்தியபோதும் அந்த இனிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கடை அக்கா தங்கை இருவருக்கும் பொதுவானதாகத் தெரிந்தாலும், உரிமை முழுக்க அக்காவுடையது. இருபது வருடமாக நடத்துகிறாள். கல்யாணம் முறிந்து வந்த தங்கையை மூன்று மாதம் முன்பு கூடவே வைத்துக்கொண்டாள். நேற்று அந்த அக்காக்காரி மேடத்தின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "என் கூட இருக்கறவ எனக்கு விஷம் வெக்கிறா. எதுலன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க," என்று ஒரே மூச்சில் சொன்னாள். இன்று ஐந்து மணிக்கு அவளுடைய வக்கீல் கடைக்கு வருகிறார். போலீஸ் புகார் தயார். ஐந்து மணிக்குள் மேடம் ஒரு பதில் சொல்ல வேண்டும். பதில் எப்படி வந்தாலும் தங்கைக்குக் கடையிலும் வீட்டிலும் இடமில்லை என்பது அக்காவின் முடிவு.

பூக்கள் வைக்கும் குளிர் அறை கடையின் பின்புறம் இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் எக்ஸ்ட்ராவின் பற்கள் தந்தியடித்தன. உள்ளே அக்காக்காரி கையில்லாத ரவிக்கையும் ஈர ஏப்ரனுமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது.

"இங்க உக்காந்து விசிறிக்கிறீங்களே, வெளிய வந்தா வெந்துடுவீங்களா?" என்றான் எக்ஸ்ட்ரா.

"வெந்துட்டுத்தான் தம்பி இருக்கேன். மூணு மாசமா இதேதான். ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறேன், பதினோரு கிலோ குறைஞ்சு போச்சு. பத்து வாளியைத் தூக்குறதுக்குள்ள கை காலெல்லாம் விட்டுப் போகுது." திடீரென்று மடியிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். "ஹலோ... ஹலோ..."

போன் அடிக்கவே இல்லை. எக்ஸ்ட்ரா மேடத்தைப் பார்த்தான்.

"காதுக்குள்ளேயே மணி அடிச்சுக்கிட்டு இருக்கு, மேடம்," என்று அவள் போனைக் கீழே வைத்தாள். "டாக்டர் ரத்தம் எடுத்தார், தைராய்டு பார்த்தார். சர்க்கரை கொஞ்சம் கம்மின்னார். அப்புறம் மனக்கவலைன்னு எழுதிட்டார். ஒரு வாரமா ரொம்ப மோசம். அவ வந்து மூணு மாசம், என் உடம்பு கெட்டு மூணு மாசம். இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

"தங்கச்சின்னு ஒரு தடவை கூடச் சொல்ல மாட்டேங்கறீங்களே," என்றார் மேடம்.

"எதுக்குச் சொல்லணும்? இருபது வருஷமா இந்தக் கையாலதான் பொக்கே கட்டுறேன். ஒருத்தர் போட்டோ எடுத்தது கிடையாது. அவ வந்த ரெண்டாவது வாரமே, வர்றவங்க எல்லாம் 'அந்தப் பொண்ணு கட்டினது இருக்கா'ன்னு எட்டிப் பாக்கறாங்க. என் வீட்டுக்காரர் கூட, போன மாசம் எங்க கல்யாண நாளுக்கு அவ கட்டினதைத்தான் வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தார். என் கடையிலேயே வாங்கி, என்கிட்டயே!"

எக்ஸ்ட்ராவுக்கு மூன்று சிரிப்புகள் ஞாபகம் வந்தன. அந்த அம்மாளின் மீது அவனுக்குத் திடீரென்று ஒரு பாசம் பிறந்தது.

மேடம் மூக்கை உறிஞ்சினார். "எக்ஸ்ட்ரா, என்ன வாசனை வருது?"

"ரோஜா, லில்லி... அப்புறம் யாரோ சாலட்ல குளிச்சுட்டு வந்த மாதிரி. வினிகர், மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. ஐந்தாவது ஜோக் என்று அவன் நம்பியிருந்தான். அவர் வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறு. இடப்பக்கத்துப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. வலப்பக்கத்துப் பூக்கள் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் போலத் தலை தொங்கியிருந்தன.

"வலது பக்கம் பழைய சரக்கா?"

"ரெண்டும் முந்தாநாள் ஒரே லாரியில வந்தது. இடது பக்கம் என்னோடது. வலது பக்கம் அவளோடது." அக்காக்காரியின் வாடிய முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "கைராசின்னு ஒண்ணு இருக்கில்லையா, மேடம்?"

மேடம் அவளை அங்கேயே விட்டுவிட்டு முன்கடைக்கு வந்தார். எக்ஸ்ட்ரா உயிர் பிழைத்தவனாகப் பின்னால் வந்தான்.

தங்கை கல்லா மேஜையில் ஒரு பூங்கொத்துக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விரல்கள் நாடாவை முடிகிற லாவகத்தில் எக்ஸ்ட்ரா ஒரு நிமிடம் வாயைப் பிளந்து நின்றான். அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. ஆயிரம் மாத்திரை கொள்ளும் டப்பா. மேல்தாளில் ஆஸ்பிரின் என்று எழுதியிருந்தது.

"ஒரு கடைக்கு இவ்வளவு தலைவலியா?" என்றான் அவன்.

"அது பூவுக்கு, சார். வாளிக்கு ரெண்டு மாத்திரை. தண்ணியில போட்டா பூ சீக்கிரம் வாடாது. இந்தத் தொழில்ல நிறையப் பேர் செய்யறதுதான். சாயந்திரம் கடை மூடுறதுக்கு முன்னாடி நான் எண்ணி இந்தக் கிண்ணத்துல வெச்சுட்டுப் போவேன். மறுநாள் காலைத் தண்ணிக்கு." அவள் தலை நிமிரவில்லை. "என்னைப் பத்தித்தானே விசாரிக்க வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா," என்றார் மேடம் நேராக.

நாடாவின் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள். "நான் எங்க போறதுன்னு மட்டும்தான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்," என்றாள்.

மேடம் எக்ஸ்ட்ராவின் பக்கம் திரும்பினார். "சட்டைக் கையை மடிச்சுக்கோ. பன்னிரண்டு வாளியிலயும் அடி வரைக்கும் கையை விட்டுப் பாரு."

"நான் துப்பறியத்தான் சேர்ந்தேன், மேடம். மீன் பிடிக்க இல்லை."

"அந்த மருந்துக் கடைக்காரரா இருந்தா இதுக்குள்ள ஆறு வாளி முடிச்சிருப்பார்."

சொல்லக் கூடாத வார்த்தையை மேடம் சொல்லிவிட்டார். எக்ஸ்ட்ரா முழங்கை வரை மடித்துக்கொண்டு குளிர் அறைக்குள் பாய்ந்தான். அக்காக்காரி தள்ளாடி எழுந்து தன் சிறிய ஆபீஸ் அறைக்குப் போயிருந்தாள். ஐந்து நிமிடம் கழித்துக் கை விறைத்து, உதடு நீலம் பாரித்து, முகம் மட்டும் ஆயிரம் வாட் பல்பாக வெளியே வந்தான். மேடத்தை ஓரமாக அழைத்துப் போய்க் கிசுகிசுத்தான்.

"கேஸ் முடிஞ்சுது, மேடம். அக்காவோட ஆறு வாளியிலயும் அடியில வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி. கரையாத மாத்திரை. தங்கச்சியோட ஆறு வாளியில ஒரு பொட்டு கிடையாது, சுத்தத் தண்ணி. அப்போ அந்தப் பன்னிரண்டு மாத்திரை எங்க போச்சு? தன் பூ வாடினாலும் பரவாயில்லைன்னு தன் வாளிக்கு வேண்டியதை எல்லாம் சுருட்டி, பொடி பண்ணி, அக்கா காப்பியில கலந்திருக்கா! கையைக் கொஞ்சம் உரசி விடுறீங்களா?"

"அருமை," என்றார் மேடம். எக்ஸ்ட்ராவின் உச்சி குளிர்ந்தது. கை ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. "ஒரே ஒரு ஓட்டை இருக்கு. இப்ப உள்ள போனியே, வினிகர் வாசனை வந்துச்சா?"

அவன் யோசித்தான். "இல்லை."

"முன்னாடி வந்துச்சே?"

"ஆமா... அப்போ அந்த அம்மா உள்ள இருந்தாங்க."

மேடம் கல்லா மேஜைக்குத் திரும்பினார். "ஏம்மா, மாத்திரையை எண்ணி வெக்கிறது நீ. தண்ணியில போடுறது யாரு?"

"அக்காதான். ஏழு மணிக்கே வந்துடுவா. தண்ணி மாத்தறது, மாத்திரை போடறது எல்லாம் அவதான். நான் எட்டரைக்கு மேலதான் வரணும்னு சொல்லியிருக்கா. காலையில என்னை வாளிகிட்டயே விட மாட்டா."

எக்ஸ்ட்ராவின் ஆயிரம் வாட் பல்பு அணைந்தது.

ஆபீஸ் அறையில் அக்காக்காரி மேஜையில் தலையைச் சாய்த்திருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தாள். "கண்டுபிடிச்சீங்களா? எதுல வெக்கிறா?"

"ஏப்ரன் பையில கையை விடுங்க," என்றார் மேடம்.

அவள் அசையவில்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று போய் வந்தது. மேடம் காத்திருந்தார். அவசரப்படுகிறவர் இல்லை. கடைசியில் அவள் பைக்குள் கையை விட்டு, இருந்ததை மேஜையில் வைத்தாள். ஐந்தாறு மாத்திரைகள், ஈரத்தில் பாதி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அறை முழுக்க வினிகர் வாடை பரவியது.

"ஈரம் பட்டா இந்த மாத்திரை இப்படித்தான் புளிக்கும்," என்றார் மேடம். "உங்க பூவுக்குப் போட்டீங்க. அவ பூவுக்குப் போடலை."

அக்காக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரைகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு நாள்தான் செஞ்சேன். ஒரே ஒரு நாள் அவ பூ வாடட்டும்னு. மறுநாள் ஒருத்தர் வந்து, பொக்கே ரெண்டு நாள் கூடத் தாங்கலைன்னு அவகிட்ட சத்தம் போட்டார். எனக்கு... எப்படிச் சொல்ல... ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லா தூங்கினேன். அப்புறம் விட முடியலை."

"மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"எங்க போட? டப்பாவுல திருப்பிப் போட்டா எண்ணிடுவா. குப்பைக்கூடையைக் கொட்டுறது அவ. சிங்க்கைக் கழுவுறதும் அவதான். எனக்கு அவ வந்ததுல இருந்து தலைவலி. பையில கிடந்தது, ஒண்ணு ஒண்ணா வாயில போட்டுக்கிட்டேன். அசதியா இருந்துச்சு, இன்னும் ரெண்டு போட்டேன். உடம்பு காஞ்சுது, இன்னும் ரெண்டு."

எக்ஸ்ட்ராவுக்கு வாய் அடைத்துப்போனது. அவனுடைய வரலாற்றில் அது அபூர்வம்.

"டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டார். ஒண்ணுமில்லைன்னேன்." அவள் ஒரு குழந்தையைப் போல மேடத்தைப் பார்த்தாள். பொய் சொன்னதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. "அது பூவுக்கு வாங்கினதுதானே, மேடம்?"

மேடம் அதற்குள் கைப்பேசியை எடுத்து மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எக்ஸ்ட்ராவுக்குக் காலை ஒன்பது மணி போன் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை கூடவே வந்தது எரிச்சல் இல்லை, பயம்.

"நீங்க நேத்து சொன்ன அறிகுறியெல்லாம் வெச்சு ராத்திரி புரட்டிப் பார்த்தேன்," என்றது அந்தக் குரல். "அந்த அம்மா ஆஸ்பிரின் நிறையச் சாப்பிடறாங்களா?"

"மூணு மாசமா. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு."

மறுமுனையில் சிரிப்பு இல்லை. "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே. டாக்டர் சொன்ன அளவுல அது நல்ல மாத்திரைதான். நாள் கணக்கா அளவு மீறினா உடம்போட சக்தி தயாரிக்கிற வேலையையே கெடுத்துடும். சாப்பிடறது எல்லாம் எரியும், ஆனா சக்தியா மாறாது, வெறும் சூடாப் போயிடும். வண்டியை நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி. பெட்ரோல் தீரும், என்ஜின் கொதிக்கும், வண்டி நகராது. அதான் வேர்க்குது, இளைக்குது, அசதியா இருக்கு. காதுல மணி, மூச்சு வாங்கறது எல்லாம் அதோட சேர்ந்ததுதான். எத்தனை மாத்திரைன்னு டாக்டர்கிட்ட சரியாச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் வைத்தியம்." ஒரு நொடி நிறுத்தினார். "இதைக் கேக்கத்தான் காலையில ஒன்பது மணிக்கே கூப்பிட்டேன். உங்க ஆளு, மேடம் பிஸின்னு வெச்சுட்டாரு."

மேடம் போனை அணைத்தார். எக்ஸ்ட்ராவைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"ராங் நம்பர்னு சொன்னேன், மேடம்," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "அவர் பேசினா நீங்க சிரிக்கிறீங்க. அதான்."

"ஆறு மணி நேரம்," என்றார் மேடம். அவ்வளவுதான். "வண்டியை எடு."

அக்காக்காரியை எழுப்பி நிறுத்தியபோது அவள் கால்கள் மடங்கின. ஆனால் கை மேடத்தின் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "அவகிட்ட சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். விஷம் வெச்சது வேற யாரோன்னு சொல்லிடுங்க. நான்தான்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"பன்னிரண்டு இல்லை," என்றது ஒரு குரல்.

கதவருகே தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. மணிக்கட்டில் அந்த நாடா இன்னும் சுற்றியிருந்தது.

"டாக்டர்கிட்ட பன்னிரண்டுன்னு சொல்லாதீங்க, தப்பாயிடும். போன வாரம் வரைக்கும்தான் இருபத்தி நாலு எண்ணி வெச்சேன். திங்கட்கிழமையில இருந்து முப்பது வெக்கிறேன். அக்காவோட வாளிக்கு ஆறு ரெண்டு பன்னிரண்டு போனா, மிச்சம் பதினெட்டு."

"எதுக்கும்மா கூட வெச்சே?" என்று மேடம் கேட்டார்.

"என் வாளியில மாத்திரை விழலைன்னு ரெண்டு மாசமாத் தெரியும். தண்ணியைப் பார்த்தாலே தெரியாதா? குப்பையிலதான் போடறான்னு நினைச்சேன்." அவள் அக்காவைப் பார்க்காமல் பேசினாள். "வாளிக்கு ஒண்ணா ஆறு கூட வெச்சா, அவ எடுத்தது போக அதையாவது என் பூவுக்கு விடுவான்னு... சாப்பிடறான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அக்காக்காரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அதையும் எடுத்துக்கிட்டேன்," என்றாள் மெல்ல. "நீ எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு சிரிச்சுக்கிட்டேன்."

தங்கைதான் முதலில் நகர்ந்தாள். அக்காவின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

காரின் பின்சீட்டில் அக்கா தங்கையின் மேல் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சு எக்ஸ்ட்ராவின் பிடரியில் அனலாக அடித்தது. அவன் இதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான். ஒரு சிக்னலையும் கிண்டல் செய்யவில்லை.

"ரெண்டு மாசம்," என்றது பின்னாலிருந்து அக்காவின் குரல். வார்த்தைகள் குழறின. "தெரிஞ்சும் ஏன்டி கேக்கலை?"

"கேட்டா போன்னு சொல்லியிருப்பே. எனக்குப் போக இடமில்லைக்கா."

"இன்னிக்குக் காலையில ஹோட்டல் மேனேஜர் போன் பண்ணினான். வருஷம் முழுக்க வரவேற்பறைக்கு நம்ம பூதான். ஆனா நீ கட்டினதுதான் வேணுமாம். வாடினதைக் குடுத்தும் உன்னைத்தான்டி கேக்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் என்னதான் பண்ணட்டும்?"

தங்கை தன் முந்தானையால் அக்காவின் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தங்கை மறுபடியும் துடைத்தாள். இந்த முறை தட்டவில்லை.

மேடம் முன்சீட்டிலிருந்து வக்கீலுக்குப் போன் செய்து, இன்றைக்கு வர வேண்டாம் என்றார். நாளைக்கு வரட்டுமா என்று வக்கீல் கேட்டார். மேடம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்காக்காரி கண்ணை மூடியபடி தலையை இல்லை என்று அசைத்தாள்.

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் ஒரே பார்வையில் மூச்சின் வேகத்தைக் கண்டு குரலை உயர்த்தி டாக்டரைக் கூப்பிட்டாள். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினாள். "கூட ஒருத்தர்தான் வரலாம். என்ன சாப்பிட்டாங்க, எத்தனை சாப்பிட்டாங்கன்னு சரியாச் சொல்லத் தெரிஞ்சவங்க யாரு?"

தங்கை ஓரடி பின்வாங்கினாள். உரிமையில்லாத இடத்தில் நின்று பழகிப்போன கால்கள். மேடம் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை நீண்டு, நாடா சுற்றிய அந்த மணிக்கட்டை இறுகப் பற்றியது.

"என் தங்கச்சி," என்றாள் அக்கா. "நான் மறைச்சதை எல்லாம் எண்ணி வெச்சிருக்கறது இவ ஒருத்திதான்."